ஒரே சாலை, ஒரே துடிப்பு: பந்தயத்துக்கு முன் உங்களை நீங்களே அளப்பது எப்படி

என் பயிற்சி நோட்டில் ஆறு பத்திகள் உண்டு. தேதி, தூரம், நேரம், இதயத்துடிப்பு, வானிலை, கடைசியாக 'சாக்கு'. அந்த ஆறாவதுதான் இந்த வருடம் என்னைக் காப்பாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வயது 44. வேலை கணக்குத் தணிக்கை. மார்ச் முடியும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. போன வருடம் கோவாவில் அயர்ன்மேன் 70.3 முடித்தேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் பந்தயம் அது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்த அவகாசம் எட்டரை மணி நேரம், எனக்கு ஆனது 7 மணி 48 நிமிடம். நீச்சல் 52 நிமிடம், சைக்கிள் 3 மணி 37, ஓட்டம் 3 மணி 5. நடுவில் உடை மாற்ற 14 நிமிடம்! கல்யாணத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி உட்கார்ந்து சாக்ஸ் போட்டிருக்கிறேன். ஓட்டத்தில் பாதிக்கு மேல் நடை.

இந்த வருடம் 7 மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று ஜூலையில் 16 வாரத் திட்டம் போட்டேன். இப்போது பத்தாவது வாரம். முதல் முறையோ இரண்டாம் முறையோ டிரையத்லானுக்குத் தயாராகிறவர்களுக்கு என் நோட்டிலிருந்து எடுத்துத் தரக்கூடியவை இவை. 1.5, 40, 10 கிலோமீட்டர் ஒலிம்பிக் தூரத்துக்குப் போகிறவர்களுக்கும் முறை இதேதான்.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே இடத்தில்

தினமும் கைக்கடிகாரத்தைப் பார்த்து 'இன்று வேகமா, மெதுவா' என்று கணக்குப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். தினசரி வேகம் தூக்கத்துக்கும் வெயிலுக்கும் ஆடும். நான்காவது வாரம்தோறும் பயிற்சியைக் குறைத்து உடம்பை ஆற விடுவோம் அல்லவா, அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களில் மூன்று சோதனைகள் செய்யுங்கள். அது போதும்.

ஓட்டச் சோதனை ரொம்ப எளிது. 180-லிருந்து வயதைக் கழியுங்கள், எனக்கு 136. பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம் துடிப்பு 136-ஐத் தாண்டாமல் ஐந்து கிலோமீட்டர். எவ்வளவு நேரம் ஆனதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். இந்த 180 கணக்கு எல்லோருக்கும் அச்சாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், அது ஒரு குத்துமதிப்பு. ஆனால் எந்த எண்ணை எடுத்தாலும் கடைசி வரை அதே எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை வாங்கிவிடுங்கள். வியர்வையில் மணிக்கட்டு சென்சார் சில நேரம் கன்னாபின்னாவென்று காட்டும்.

ஜூலையில் எனக்குக் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 5 விநாடி ஆனது. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வந்த ஒரு பாட்டி என்னை ஒட்டியே சிறிது தூரம் வந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் நான் எல்லா ஓட்டத்தையும் மூச்சு வாங்க வாங்க ஓடினேன். அதனால்தான் கோவாவில் ஒன்பதாவது கிலோமீட்டரில் உட்கார்ந்தேன்.

ஆகஸ்டில் இரண்டாவது சோதனை. 8:12! ஐந்து வாரம் ஓடியும் மெதுவாகிவிட்டேன். அன்றைக்கே திட்டத்தைக் கிழித்துப்போட்டு வேகப் பயிற்சியில் இறங்கியிருப்பேன். நல்லவேளை, அதற்கு முன் சாக்குப் பத்தியைப் பார்த்தேன். "ஆடி, குலதெய்வம் கோவில், ராசிபுரத்திலிருந்து இரவுப் பேருந்து, மூன்று மணி நேரத் தூக்கம்" என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே வானிலை: "காற்றே இல்லை, காலை ஐந்தரைக்கே சட்டை பிழியலாம்." புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படும், நீரும் குறையும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். ஆகவே 8:12 என்பது என் கால்களின் கணக்கு அல்ல, அந்தக் காலையின் கணக்கு. செப்டம்பரில், ஏழு மணி நேரம் தூங்கி எழுந்து, அதே இடத்தில் 7:28.

மிதிக்கும் திறனை வாட்ஸில் காட்டும் பவர் மீட்டர் சைக்கிளில் இருந்தால் 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, வரும் சராசரி வாட்ஸில் 95 சதவீதத்தைத் தாங்கும் திறனாக எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் இல்லை. நான் கிழக்கு கடற்கரைச் சாலையில் அக்கரையிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர், திரும்ப 20, துடிப்பு 140-க்குள். இரு பக்கமும் போக வேண்டும். போகும்போது முதுகில் தள்ளுகிற காற்று வரும்போது முகத்தில் அறையும். ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். ஜூலையில் மணிக்கு 25.8 கிலோமீட்டர், செப்டம்பரில் 27.1. விடிவதற்கு முன்பே கிளம்பி, வாகனங்கள் பெருகுவதற்குள் திரும்பிவிடுங்கள். பின்விளக்கு எரியாமல் அந்தச் சாலையில் சக்கரத்தை உருட்டக்கூட வேண்டாம்.

நீச்சல்: கிணற்றை மறப்பது

நீச்சல் சோதனைக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 400 மீட்டர் முழு முயற்சியில், நன்றாக ஓய்வெடுத்து 200 மீட்டர். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டால் வகுத்தால் நூறு மீட்டருக்கான உங்கள் தாங்கும் வேகம். ஜூலையில் எனக்கு 9:20, 4:24. வித்தியாசம் 296 விநாடி, பாதி 148. அதாவது நூறு மீட்டருக்கு 2:28. செப்டம்பரில் 8:32, 4:04; அது 2:14. கோவாவில் நீச்சலுக்கு 70 நிமிடம் தருவார்கள். வகுத்துப் பார்த்தால் நூறு மீட்டருக்கு 3:41. உங்கள் எண் மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் அவகாசம் பற்றிய பயத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து நீச்சல்குளம் 25 மீட்டர்தான், ஆகவே 400 மீட்டருக்கு 16 நீளம். பத்துக்கு மேல் எனக்கு எண்ணிக்கை தப்பிவிடும். மகள் கரையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு விரல் காட்டுவாள். முதல் சோதனையில் 14-ஐ இரண்டு முறை காட்டிவிட்டாள். "நீங்க ரொம்ப மெதுவா வந்தீங்கப்பா, மறந்துபோச்சு" என்றாள். மறுநாள் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

இந்த 14 விநாடிக் குறைவு கை பலத்தால் வந்ததல்ல. நான் நீச்சல் கற்றது ராசிபுரம் பக்கம் எங்கள் கிணற்றில், எட்டு வயதில். மாமா முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, படியிலிருந்து தள்ளிவிட்டார். கிணற்றுக்காரன் தலையைத் தூக்கி வைத்துத்தான் நீந்துவான். யார் மேலே குதிக்கிறான் என்று பார்த்துக்கொள்ள வேண்டுமே. அந்தப் பழக்கம் 36 வருடம் போகவில்லை. தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், கால் நங்கூரம் மாதிரி இழுக்கும். ஆறு வாரம் நான் செய்ததெல்லாம் இதுதான்: சுவரை உதைத்து, முகத்தைக் கீழே போட்டு, குளத்தின் தரையில் ஓடும் கறுப்புக் கோட்டை மட்டும் பார்த்தபடி உடம்பு தானாக நிற்கும் வரை மிதப்பது. மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே, குமிழி குமிழியாக, முழுக்க விட்டுவிட வேண்டும். வெளியே வந்து விட்டு இழுக்கப் பார்த்தால் இரண்டுக்கும் நேரம் பற்றாது. பிட்டம் காற்றில் படுகிறது என்று தெரிந்த நாளில் கையை ஒன்றும் மாற்றாமலே எட்டு விநாடி குறைந்தது. கிணற்று நீச்சல்காரர்களே, நூறு நூறாக நீந்திக் களைக்காதீர்கள். முதலில் தலையைப் போடுங்கள்.

குளம் வேறு, கடல் வேறு. பந்தயத்துக்கு முன் நான்கைந்து முறையாவது கடலில் இறங்கியாக வேண்டும், ஆனால் ஒருபோதும் தனியாக வேண்டாம். சென்னைக் கடற்கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. மாட்டினால் கரையை நோக்கி முட்டிமோதாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். நாங்கள் நீலாங்கரையில் ஒரு மீனவரின் படகைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் இறங்குவோம். முதல் நாள் நான் அலை உடையும் இடத்தில் நின்று தடுமாறுவதைப் பார்த்துப் படகிலிருந்து கத்தினார்: "அலையப் பாத்துகினு நிக்காத சார், அடியில பூந்து போ!" அலை உடையும் முன் தலையை மடக்கி அடியில் முங்கினால், மேலே அது பாட்டுக்குப் போகிறது. ஆறு எட்டு வீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி மிதவையைப் பார்க்கப் பழகுங்கள். நான் பார்க்காமல் நீந்திய முதல் நாள், நேராகப் போகிறேன் என்று நினைத்து அரைவட்டம் அடித்திருக்கிறேன். உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் பற்றிக் கேட்பார்கள்: தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அயர்ன்மேன் போட்டிகளில் அதைப் போட்டுக்கொண்டு நீந்தும் நம்மைப் போன்றவர்கள் பரிசுக் கணக்கில் சேர மாட்டார்கள்; கோவாக் கடல் அதைவிடச் சூடு. காசு மிச்சம்.

கால் மரக்கட்டையாகும் நேரம்

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடுவதை பிரிக் என்பார்கள். முதல் முறை செய்கிறவர்களுக்குத் தொடை இரண்டும் வேறு யாருடையவோ போலிருக்கும். வாரம் ஒரு முறை, நீண்ட சைக்கிளுக்குப் பின் 15 நிமிடம் ஓடினால் போதும். மாரத்தானை ஒட்ட வைக்க வேண்டாம்.

உடை மாற்றும் 14 நிமிடத்தை எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் குறைத்தேன். ஒரு துண்டு, அதன் மேல் ஹெல்மெட், கண்ணாடி, ஷூ, எண் கட்டிய பெல்ட். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் தண்டனை. இரவு பத்து மணிக்கு ஈர உடம்போடு இதைப் பத்து முறை செய்ததைப் பார்த்த காவலாளி அண்ணன், "வீட்டுல ஏதும் பிரச்சினையா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். இப்போது இரண்டு மாற்றமும் சேர்த்து ஐந்து நிமிடம். ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல் ஒன்பது நிமிடம் லாபம்.

மேடு ஏறும் பயிற்சிக்குச் சென்னையில் மேம்பாலம்தான் மலை. கோவாச் சாலையில் ஏற்றம் இருக்கிறது. அதற்காக ஒரு வார இறுதியில் ஏலகிரி போய் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினோம். ஒரு முறைக்கு அதுவே தாராளம்.

வயிற்றுக்கும் பயிற்சி

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகினால் 90 வரை போகிறார்கள். சிறு பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம், நடுத்தர வாழைப்பழத்திலும் கிட்டத்தட்ட அதே. நான் கடலைமிட்டாயை நம்பினேன். கோவளம் தாண்டி ஒரு துண்டைக் கடித்தேன், பொடி மூச்சுக்குழலுக்குள் போய், சைக்கிளை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் இருமினேன். சுவையில் குறையில்லை; 140 துடிப்பில் மெல்ல முடியாது, அவ்வளவுதான். இப்போது இரண்டு ஜெல்லும் அரை வாழைப்பழமும். பந்தய நாளில் புதிதாக எதுவும் வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கைத் தராசே சொல்லும். ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும், துடைத்துக்கொண்டு எடை பாருங்கள். எனக்கு 71.4 கிலோ 70.5 ஆனது, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஆக மணிக்கு 1.4 லிட்டர் வியர்வை. அத்தனையையும் குடித்து ஈடுகட்ட வயிறு இடம் தராது. 700, 800 மில்லிக்கு முயல்கிறேன், உப்போடு. இளநீர் போதுமே என்பவர்களுக்கு: அதில் பொட்டாசியம் நிறைய, நாம் வியர்வையில் இழப்பது முக்கியமாகச் சோடியம். இளநீரே வேண்டுமென்றால் உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதமிருப்பது ஆறு வாரம். இன்னும் மூன்று வாரம் தூரம் கூடும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், அதில் இரண்டு ஞாயிறு. ஒரு வாரம் தளர்த்திவிட்டு நான்காவது சோதனை. கடைசி இரண்டு வாரம் டேப்பர்: நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தின் சின்னச் சின்னத் துண்டுகளை மட்டும் விடாமல் வைத்துக்கொள்வது. அந்த நாட்களில் கால் கனக்கும், முழங்கால் எங்கோ வலிப்பது போலிருக்கும், பயிற்சி எல்லாம் போய்விட்டதோ என்று தோன்றும். போன வருடம் அந்தப் பயத்தில் பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்பு 16 கிலோமீட்டர் ஓடினேன். அதை இந்த வருட நோட்டின் அந்த வாரப் பக்கத்தில், சாக்குப் பத்தியில், இப்போதே சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டேன்.