தின்னரை மண்ணெண்ணெய் போல எண்ணுவதால் வரும் தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரங்களில் மரச்சாமான் பட்டறைகளிலும், பித்தளைப் பொருள்கள் கறுக்காமல் இருக்க லாக்கர் என்னும் மெருகுப் பூச்சைப் பூசும் இடங்களிலும், இரும்புக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகைகளிலும் தின்னர் அன்றாடம் புழங்கும் பொருள். கடையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் என்று கேட்டு வாங்குவது தனிப்பொருள் அன்று. பெரும்பாலும் டொலுயீன் என்னும் கரைப்பானுடன் அசிட்டோன், எத்தில் அசிட்டேட், ஆல்கஹால் வகைகள் முதலியவற்றைச் சேர்த்த கலவை அது. மலிவான சரக்கில் நச்சுத்தன்மை மிகுந்த மெத்தனாலும் கலந்திருப்பதுண்டு. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கரைத்து, ஸ்பிரே கன்னுக்கு ஏற்ற பதத்துக்குக் கொண்டுவந்து, பூசி முடித்ததும் ஆவியாகி விலகிவிடுவதே அதன் வேலை.

இதை மண்ணெண்ணெய்க்கு ஒப்பாக எண்ணுவதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர் என்பது என் கருத்து. மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிட, தர நிர்ணயப்படி அதன் வெப்பம் குறைந்தது 35 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். டொலுயீனுக்கு அந்த அளவு ஏறத்தாழ 4 டிகிரி. அசிட்டோனுக்கோ பூஜ்யத்துக்கும் சுமார் 18 டிகிரி கீழே. மார்கழி விடியற்காலையில்கூடத் திறந்து வைத்த தின்னர் டப்பாவின் மேல் எரியக்கூடிய ஆவி நின்றுகொண்டிருக்கும். தீப்பற்றுவது திரவம் அன்று, அந்த ஆவிதான். அது காற்றைவிடக் கனமானது, டொலுயீன் ஆவி ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது என்பதால் மேலே எழும்பிக் கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் பரவி, வாசற்படி தாண்டி, சாக்கடை வழியே அடுத்த அறைக்கும் போய்ச் சேரும். பட்டறையின் ஒரு மூலையில் டப்பா திறந்திருக்க, மறுமூலையில் அந்திவேளையில் சாமி படத்துக்கு விளக்கேற்றுவது, பின்கட்டில் கேஸ் அடுப்பைப் பற்ற வைப்பது, வார்ப்பு உலை எரியும் கூரைக்குக் கீழேயே லாக்கர் அடிப்பது ஆகிய எல்லாமே இதனால் ஆபத்தானவை. தீ, ஆவி வந்த வழியிலேயே திரும்பி ஓடி டப்பாவை எட்டிவிடும்.

"கொஞ்சம்தானே கொட்டியது" என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் டொலுயீன் முழுவதும் ஆவியானால் சுமார் 230 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் 1.2 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றக்கூடிய கலவையாகிவிடும் என்பதால், எட்டடிக்கு எட்டடி அளவும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறை முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு லிட்டரே போதும். தரையருகே ஆவி செறிந்து நிற்பதால் அங்கே அதைவிடக் குறைவாகவே போதும்.

டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக்காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிய, லாக்கர் பால்போல் வெளுத்துப்போகும். இதைத் தடுப்பதாக எண்ணிக் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டு, உள்ளே கரியடுப்பையோ ஹாலஜன் விளக்கையோ வைத்து உலர்த்துகிறார்கள். ஆவி வெளியேறும் வழியை மூடிவிட்டு அதன் நடுவே நெருப்பை வைப்பதைவிடப் பெரிய தவறு இந்தத் தொழிலில் இல்லை. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைச் சிறிதளவு சேர்ப்பதும், அது போதாதபோது மழை விட்டு வெயில் தெளியும்வரை வேலையைத் தள்ளிப்போடுவதுமே சரியான வழி. வாடிக்கையாளர் கிரகப்பிரவேச நாளைச் சொல்லி நெருக்கினாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆவியை வெளியேற்றும் விசிறி தரையை ஒட்டி இருக்க வேண்டும், அதன் மோட்டார் பொறி வெளிவராத வகையாக இருக்க வேண்டும். கூரையருகே மாட்டிய சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு வகையிலும் தவறு.

பலர் அறியாதது நிலைமின்சாரம். டொலுயீன் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. பேரலிலிருந்து உயரத்திலிருந்து விழும்படி ஊற்றும்போது அதில் மின்னூட்டம் சேர்ந்து ஒரு பொறியாக வெளிப்படலாம். பேரலையும் வாங்கும் உலோகப் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்து, பேரலுக்கு எர்த் கொடுத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் வாளிக்கு எர்த் கொடுத்தும் பயனில்லை. பழைய தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றி வைப்பது வேறு வகையிலும் கொடியது: தாகத்தில் குழந்தையோ புதிதாக வந்த கையாளோ எடுத்துக் குடித்துவிடலாம். அப்படிக் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, ஏனெனில் மேலே வரும் தின்னர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வகை எரிதிரவங்களை விற்பனைக்கன்றி உரிமமில்லாமல் வைத்துக்கொள்ள 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் 30 லிட்டர் வரையே இடம் தருகிறது. அதுவும் இறுக மூடிய கண்ணாடி, பீங்கான், உலோகக் கலன்களில்தான். சட்டம் பிளாஸ்டிக்கைக் குறிப்பிடவே இல்லை.

வாடை குறைந்துவிட்டதால் ஆவி போய்விட்டது என்று நம்புவதும் தவறு; சிறிது நேரத்தில் மூக்கு பழகி, வாடையை உணர்வதை விட்டுவிடும். தலைசுற்றலும் தலைவலியும் வந்தால் பெயிண்டர்கள் டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள், அப்போது செய்ய வேண்டியது வெளியே வருவதுதான். முகத்தில் கட்டும் துண்டும், தூசுக்கான முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது, கரித்தூள் வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவுவதால் தோலின் எண்ணெய்ப்பசை போய் வெடிப்பு உண்டாவதோடு, கொஞ்சம் தோல் வழியே உடலுக்குள்ளும் போகிறது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பால் கழுவினால் போதும்.

தீப்பற்றிவிட்டால் தண்ணீரை ஊற்றுவது முதல் தவறு. டொலுயீன் தண்ணீரைவிட இலேசானது, மிதந்தபடி எரிந்துகொண்டே பரவும். எரியும் டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது இரண்டாவது. நடந்தால் தளும்பும், சூடு தாங்காமல் தூக்கியவர் கைவிட்டுவிடுவார், வெளியேறும் வழியே எரியும். தீ டின்னுக்குள்ளேயே இருந்தால் உலோக மூடியால் மூடலாம். தரையில் பரவிய சிறிய தீக்கு உலர் மணலோ பவுடர் தீயணைப்பானோ பயன்படும். அதை மீறினால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101க்கு அழைக்க வேண்டும்.

கன் கழுவிய தின்னரை வாய்க்காலில் ஊற்றுவது இங்கே சர்வ சாதாரணம். சாக்கடைக்குள் ஆவி தேங்கினால் எங்கோ எறியும் ஒரு பீடித்துண்டு போதும். மண்ணில் இறங்கினால் ஆழமில்லாத கைப்பம்புத் தண்ணீரில் கலக்கும். அதை மூடிய டின்னில் சேர்த்து, கசடு படிந்த பின் தெளிவை அடுத்த முறை கன் கழுவப் பயன்படுத்தலாம். மிஞ்சும் கசடையும் லாக்கர் நனைந்த வேஸ்ட் துணியையும் மூடியுள்ள உலோகத் தொட்டியில் பட்டறைக்கு வெளியே வைத்து, ஆபத்தான கழிவுகளை அகற்ற அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.