"விழப்போகுது சார்" என்று சொன்ன பையனிடமிருந்து தொடங்குங்கள்: சூரியக் குடும்பப் பாடம் எடுக்க ஒரு வழி

ஆரம்பாக்கம், எளாவூர், பழவேற்காடு பக்கம் பாடம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. விண்வெளி என்று ஆரம்பிக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு வடக்கே கையைக் காட்டினால் போதும், ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. இங்கே யாரும் அந்த முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "ஷார்"தான். ராக்கெட் விடும் நாளில் குப்பங்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்காமலே பிள்ளைகள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை மதியம் 2:35, சந்திரயான்-3. நேராக மேலே ஏறிய ராக்கெட் கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பையன் ஒருவன் பதறிப்போய் "படிபோதோந்தி சார்!" என்றான். விழப்போகுதாம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு "விழாதுடா, நிலாவுக்குப் போகுது" என்றேன். அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி, நான் சொன்னதுதான் தப்பு. ராக்கெட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் பூஸ்டர்கள் இரண்டும் இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலானதும் கழன்று கடலில்தான் விழுகின்றன, மீனவர்களைப் போகவேண்டாம் என்று சொல்வதே அதனால்தான். அதைவிட முக்கியம், மிச்சமிருப்பதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தரையைத் தொடாமல் விழுகிறது, அவ்வளவே. சுற்றுப்பாதை என்பது அதுதான்.

ஆகவே புதன், வெள்ளி, பூமி என்று வரிசையை ஒப்பிக்க வைத்துப் பாடத்தைத் தொடங்காதீர்கள். விழுவதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு ரப்பர் பந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாடி வராந்தாவிலிருந்து ஒரு முறை மெதுவாகக் கிடையாக எறியுங்கள், அடுத்த முறை வேகமாக. வேகமாக எறிந்தது தள்ளிப்போய் விழும், இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு, மேலே ஒரு மலை வரைந்து, "இன்னும் வேகமா எறிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். நியூட்டன் இதையே மலையுச்சிப் பீரங்கியை வைத்து விளக்கினார். அப்புறம் இரண்டு எண்களைப் பலகையில் எழுதுங்கள். எந்தப் பொருளும் முதல் ஒரு விநாடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழுகிறது. பூமி உருண்டை என்பதால் 8 கிலோமீட்டர் போனால் தரையும் 5 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. அப்படியென்றால் விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பொருள் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் விலகிக்கொண்டே இருக்கும். இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள், இரண்டு எண்களையும் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், யாராவது ஒருத்தர் கண்டுபிடிப்பார். அந்த ஒரு நிமிஷ அமைதிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பிள்ளைகளுக்கு அந்த வேகம் உறைக்க வேண்டுமென்றால், கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ட்ரெயினில் ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து போகிறோமே, அந்தத் தூரத்தை இது ஆறேழு விநாடியில் தாண்டும் என்று சொல்லுங்கள்.

ராக்கெட் ஏன் சாய்கிறது என்பதும் இத்துடன் தெளிவாகிவிடும். உயரம் போவது பெரிய காரியமில்லை, நேராக மேலே மட்டும் போனால் திரும்பி வந்து விழ வேண்டியதுதான். பக்கவாட்டில் அந்த வேகத்தைச் சேர்க்கவே சாய்கிறது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் இடத்தில் தரையே விநாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது, கிழக்கே ஏவினால் அந்த வேகம் இனாம். கிழக்கே கடல், விழுகிற துண்டு யார் தலையிலும் விழாது. இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்ததன் நியாயம் இதில் பெரும்பகுதி வந்துவிட்டது.

அடுத்தது தண்ணீர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியால் ஓட்டை போட்டு, விரலால் அடைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள், மூடி போட வேண்டாம். விரலை எடுத்தால் தண்ணீர் பீச்சும். அப்படியே பாட்டிலைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள், விழுகிற நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துக் காட்டினால் பின்பெஞ்சும் நம்பும். "விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால் மிதக்கிறார்கள்" என்று பிள்ளைகள் மட்டுமில்லை, பல வாத்தியார்களும் சொல்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 89 சதவீதம் இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்து விழுகிறார்கள், பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்து விழுந்த மாதிரி.

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிக் காட்டும் வழக்கமான சோதனையை நான் முதலில் செய்வதில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு நிலாவை ஏதோ ஒன்று வெளியே இழுக்கிறது, கயிறு பிடித்து நிறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள், அப்புறம் அதை மாற்றப் பெரும்பாடு. விழுவது புரிந்த பிறகு செய்யுங்கள், கல்லுக்குப் பதில் துணிப்பந்து. கயிற்றை விட்டதும் பந்து வெளியே பாயாமல் தொடுகோட்டில் நேராகப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது மட்டும் போதும்.

இனி தூரம். பாடப்புத்தகப் படங்கள் கெடுத்து வைத்திருப்பது இங்கேதான். எல்லாக் கோளையும் ஒரே பக்கத்தில் அடைக்க வேண்டுமென்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்.

முதலில் ஒரு ஃபுட்பாலைப் பூமி என்று வைத்து, ஒரு பிள்ளையிடம் ஆறு சென்டிமீட்டர் பந்தைக் கொடுத்து நிலாவைச் சரியான தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரு முழத்தில் நிற்பார்கள். உண்மையில் ஆறரை மீட்டர், வகுப்பறையின் அடுத்த சுவர். விண்வெளி நிலையம் எங்கே என்று கேட்டால் நிலாவுக்குப் பாதி வழியில் நிற்பார்கள். அது பந்தின் மேல் 7 மில்லிமீட்டர், சுண்டுவிரலை ஒட்டிவைத்தால் அந்த உயரம். நம் வீட்டு டிஷ் பார்க்கிற டி.வி. செயற்கைக்கோள்கள் பந்திலிருந்து 62 சென்டிமீட்டர், நிஜத்தில் சுமார் 36,000 கிலோமீட்டர். அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகிறது, பூமியும் கூடவே சுழல்வதால் டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதில்லை. தெருவில் டிஷ் எல்லாம் தெற்குப் பக்கமாக வானத்தைப் பார்ப்பது ஏன் என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே அவை இருக்கின்றன, நமக்கு அது தெற்கு.

அப்புறம் அதே ஃபுட்பாலைச் சூரியனாக மாற்றுங்கள். பந்து மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது என்பதை இரண்டு முறை சொல்லுங்கள், இல்லையென்றால் குழம்புவார்கள். இப்போது பூமி ஒரு கடுகு. வெள்ளியும் கடுகு, புதன் கசகசா, செவ்வாய் சின்னக் கேழ்வரகு, வியாழன் நெல்லிக்காய், சனி கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு, யுரேனஸும் நெப்டியூனும் ஆளுக்கொரு கொண்டைக்கடலை. வெள்ளை அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, பந்தைக் கொடிக்கம்பத்தடியில் வைத்து நடக்க ஆரம்பியுங்கள். புதன் 9 மீட்டர், வெள்ளி 17, பூமி 24, செவ்வாய் 36. இதுவரை மைதானத்துக்குள். வியாழன் 123 மீட்டர், எங்கள் பள்ளியில் அது கேட்டுக்கு வெளியே. சனி 226, யுரேனஸ் 454, நெப்டியூன் 710 மீட்டர். சாலையைத் தாண்ட வேண்டியிருந்தால் கூட ஒரு ஆசிரியர் வேண்டும், வெயிலில் நடக்கவிடாமல் காலை வேளையில் முடித்துவிடுங்கள். நெப்டியூன் அட்டை வைத்திருந்த பெண் திரும்பிப் பார்த்து "பந்து எங்க சார்?" என்று கேட்டாள். தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை.

கடுகு வைத்திருக்கிறவரிடம் திரும்பி வாருங்கள். நிலா ஒரு ரவைத் துகள், கடுகிலிருந்து 6 சென்டிமீட்டர். மனிதர்கள் இதுவரை போயிருப்பது அந்த ஆறு சென்டிமீட்டர் சுற்றுவட்டாரம்தான். 2023 செப்டம்பர் 2 அன்று இதே ஷாரிலிருந்து போன ஆதித்யா-எல்1 சூரியனுக்கே போய்விட்டதாக ஊரில் பேச்சு. அது போயிருப்பது 15 லட்சம் கிலோமீட்டர், நம் கணக்கில் கடுகிலிருந்து ஒரு சாண். மிச்சம் 23 மீட்டருக்கு மேல் அப்படியே கிடக்கிறது. ஒளியும் இந்த மைதானத்தில் எறும்பாகிவிடும், விநாடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவு, பந்திலிருந்து கடுகுக்கு வர 8 நிமிஷம் 20 விநாடி. 1977இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் இந்த அளவில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பக்கத்து ஊர் எதையாவது காட்டுங்கள். பக்கத்து நட்சத்திரம்? டோக்கியோவில் இன்னொரு பந்து, நம் பந்தைவிடச் சிறியது.

சுற்றுப்பாதையின் வடிவத்துக்கு அட்டை, இரண்டு ஆணி, நூல். புத்தகத்தில் பூமியின் பாதை முட்டை மாதிரி இருக்கும், அதை நம்பி "கிட்ட வரும்போது வெயில், தூரப் போனால் குளிர்" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். 61 சென்டிமீட்டர் சுற்றளவு வரும்படி நூலை வளையமாகக் கட்டி, இரண்டு ஆணியையும் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் அடித்து, பென்சிலால் இழுத்து வரையச் சொல்லுங்கள். பூமியின் உண்மையான நீள்வட்டம் அதுதான், பார்த்தால் வட்டமென்றே சத்தியம் செய்வார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டு வருகிறோமே, அப்போதுதான் கிட்டத்தில் இருக்கிறோம். பருவத்துக்குக் காரணம் 23.5 டிகிரி சாய்வு, அது தனிப் பாடம், இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

பெரிய பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: அப்போலோ-11 நாலு நாளில் நிலாவில் இறங்கியது, சந்திரயான்-3க்கு மட்டும் ஏன் 40 நாள்? ஊஞ்சலைக் காட்டுங்கள். பெரிய ஆள் ஒரே தள்ளில் உயரத் தள்ளுவார், சின்னப் பையன் ஒவ்வொரு முறை கிட்ட வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவான். சந்திரயான் முதலில் 170 கிலோமீட்டருக்கும் 36,500 கிலோமீட்டருக்கும் நடுவே நீண்ட பாதையில் சுற்றி, பூமிக்கு அருகே வரும்போது சில முறை எஞ்சினை எரித்துப் பாதையை நீட்டிக்கொண்டே போய், ஆகஸ்ட் 5 அன்று நிலாவின் பிடிக்குள் வந்து, 23 அன்று இறங்கியது. சின்ன ராக்கெட்டை வைத்துக்கொண்டு சிக்கனமாகப் போகிற வழி.

வானம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், டெலஸ்கோப் தேவையில்லை. நம் எல்லையில் இரண்டு மொழி இருப்பது இங்கே உதவும். தமிழ்ப் பிள்ளைக்கு வியாழக்கிழமை, தெலுங்குப் பிள்ளைக்கு குருவாரம், இரண்டும் ஒரே கோள். ஞாயிறு, திங்களோடு கண்ணுக்குத் தெரிகிற ஐந்து கோளும் சேர்ந்து வாரம் முடிந்துவிட்டது. யுரேனஸ்கிழமை ஏன் இல்லை என்று கேளுங்கள். 1781இல் டெலஸ்கோப்பில்தான் அது அகப்பட்டது, நெப்டியூன் 1846இல். குப்பத்துப் பிள்ளைகளிடம் நிலாவைப் பற்றி நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், அமாவாசை பௌர்ணமிக்குத் தண்ணீர் எப்படி ஏறும் என்று அவர்கள் வீட்டில் தினசரிப் பேச்சு.

அடுத்த ராக்கெட் நாளுக்கு ஒரு வேலை. ஒவ்வொருவரும் நோட்டு, பென்சில், வகுப்புக்கு ஒரு ஸ்டாப்வாட்ச். நெருப்பு தெரிந்ததும் அழுத்துங்கள், உறுமல் காதில் விழுந்ததும் நிறுத்துங்கள். நடுவில் யாரும் பேசக் கூடாது, இதுதான் கஷ்டம். ஒலி விநாடிக்கு சுமார் 350 மீட்டர் போகும், பெருக்கினால் உங்கள் பள்ளிக்கும் ஏவுதளத்துக்கும் உள்ள தூரம் வரும், 30 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம். மேப்பில் அளந்து சரிபாருங்கள். காற்று எதிராக வீசினால் சத்தம் கேட்காமலும் போகலாம், மேகம் மூடினால் நெருப்பு தெரியாது. அப்படிப்பட்ட நாளில் செல்போனில் நேரலையை வைத்துக்கொண்டு கிளம்பிய நிமிஷத்தைப் பிடிக்கலாமே என்றான், அன்று "படிபோதோந்தி" என்ற அந்தப் பையன். நேரலை சில விநாடி தாமதமாக வருமே என்றேன். அதையும் கழித்துவிடலாம் சார், ஆனால் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று இப்போது நோட்டில் ஏதோ போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.