பழைய மர ஜன்னலில் கண்ணாடியைச் சுற்றிப் பூசிய புட்டியைச் சரிசெய்வது எப்படி?

கண்ணாடியைச் சுற்றியுள்ள புட்டி வெடித்துப் பெயர்ந்தால், அந்தச் சந்து வழியாக மழைத்தண்ணீர் இறங்கிச் சட்டத்தின் அடிக்கட்டை உளுத்துவிடும். இதற்கு ஏற்றது சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த புட்டிதான். சுவர்ப் புட்டி உதவாது. இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் எண்ணெய்ப் புட்டி வேண்டாம், அது இரண்டு கண்ணாடிகளையும் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அடைப்பைக் கெடுத்துவிடும்.

1. ஆடுகிற புட்டியை உளியால் எடுங்கள். கெட்டியாகப் பிடித்திருப்பதை அப்படியே விடலாம். கண்ணாடிமேல் உளியை ஊன்றி நெம்பினால் விரிசல் விழும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாள் போடாமல், நனைத்துச் சுரண்டுங்கள். மாஸ்க் அவசியம்.

2. பலரும் தாண்டிப் போகும் வேலை இது. பழைய மரம் எண்ணெய் வற்றிக் கிடக்கும். அதன்மேல் நேரடியாகப் புட்டி வைத்தால், புட்டியிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ளும்; மிஞ்சுவது வெறும் சுண்ணப்பொடி, சீக்கிரமே உதிரும். அதனால் காடியை, அதாவது சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தை, துடைத்துவிட்டு ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து, முழுதாகக் காயவிடுங்கள்.

3. கண்ணாடியைப் பிடித்திருக்கும் சிறு ஆணிகளைப் பாருங்கள். துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள்; 20 செ.மீ.க்கு ஒன்று போதும். கண்ணாடியைத் தாங்குவது ஆணி, புட்டி தண்ணீரைத்தான் தடுக்கிறது.

4. கையில் ஒட்டாத பதம் வரும்வரை புட்டியைப் பிசையுங்கள். விரல் தடிமனில் உருட்டிக் காடியில் அழுத்தி வையுங்கள். உள்ளே காற்று நின்றால் பிறகு அங்கேதான் வெடிக்கும். புட்டிக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். உள்ளிருந்து பார்த்தால் புட்டி தெரியக் கூடாது; சட்டத்தின் உள்விளிம்பை விட 2 மி.மீ. தாழ்ந்து நிற்கட்டும்.

5. மேலே தோல் கட்ட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். விரலால் தொட்டால் தடம் பதியாத நிலையில் பெயின்ட் அடியுங்கள். அவசரப்பட்டால் பெயின்ட் சுருங்கும், அடிக்காமலே விட்டால் புட்டி வெடிக்கும். பெயின்ட் கண்ணாடிமேல் 2 மி.மீ. ஏறி நிற்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் புகாமல் அடைப்பது அந்த மெல்லிய கோடுதான். அதைச் சுரண்டி அழகுபடுத்தாதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போட்டபின் எறியுங்கள்.