வேலை போன நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வேலையை இழந்தேன்" என்று எழுத்தில்தான் எழுதுகிறோம். பேசும்போது "வேலை போய்விட்டது" என்றுதான் வாயில் வருகிறது. அந்த வாக்கியத்தில் போனது வேலை. சொல்கிறவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். பேச்சுக்குத் தெரிந்திருக்கும் இந்த வேறுபாடு, வேலை போன மறுநாள் காலையில் நமக்கு மறந்துவிடுகிறது. எனக்கும் மறந்தது. பதினோரு ஆண்டுகள் "நான் கணக்காளர்" என்று சொல்லிப் பழகியவன் நான். தமிழில் அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் வேறொரு சொல்லும் வருவதில்லை, ஒட்டிக்கொண்டே நிற்கும். இரண்டாவது சொல்லை ஒரு கடிதம் பிடுங்கியபோது முதல் சொல்லும் ஆட்டம் கண்டது.

நான் செய்தவையும், பிறகு அதே நிலையில் இருந்தவர்களிடம் கண்டவையுமான தவறுகளைச் சொல்கிறேன்.

பணிநீக்கக் கடிதத்தை நடத்தைச் சான்றிதழாகப் படிப்பது முதல் தவறு. ஆர்டர் குறைந்திருக்கும், கிளை மூடப்பட்டிருக்கும், இரண்டு நிறுவனங்கள் இணைந்ததில் ஒரே நாற்காலிக்கு இருவர் ஆகியிருப்பார்கள். ஆட்குறைப்புப் பட்டியல் தயாரிப்பவர்கள் பல நேரம் பிரிவையும் சம்பளச் செலவையும்தான் பார்க்கிறார்கள். உங்கள் நேர்மைக்கோ பொறுமைக்கோ அந்தப் பட்டியலில் தனிக் கட்டம் கிடையாது.

எல்லாம் நிறுவனத்தின் குற்றம் என்று முடித்துக்கொள்வதும் சரியல்ல. நம் பக்கம் பிழை இருந்திருக்கலாம். இருந்தால் அதை அதன் அளவிலேயே சொல்ல வேண்டும். "மாத அறிக்கையை மூன்று முறை தாமதமாகக் கொடுத்தேன்" என்பது பிழை. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது வசை. முன்னதைத் திருத்தலாம், பின்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 'வேலைக்கு ஆகாதவன்' என்று மனிதனை எடைபோடும் தொடர் நம் மொழியிலேயே தயாராக இருப்பதால், அந்த வசை எளிதில் நாவுக்கு வந்துவிடுகிறது.

மறைப்பதன் செலவு

சிலர் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பி, பூங்காவிலும் நூலகத்திலும் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார்கள். நான் ஒன்பது நாட்கள் அப்படிச் செய்தேன். பொய்யைப் பராமரிக்க முழுநேர வேலைக்கு உண்டான உழைப்பு வேண்டும். இல்லாத மேலாளரைக் குறைசொல்ல வேண்டும்; நடக்காத கூட்டத்தின் பெயரால் தாமதமாக வர வேண்டும். இதில் மிஞ்சுவது களைப்பு மட்டுமல்ல. மறைக்கும் ஒவ்வொரு நாளும், இது வெட்கப்பட வேண்டிய விஷயம்தான் என்று நாமே கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். பத்தாம் நாள் மனைவியிடம் சொன்னேன். "நான்காம் நாளே தெரியும். உங்கள் போன் அடிப்பதே நின்றுவிட்டதே" என்றாள்.

வீட்டுக்கு வெளியே மறைப்பதில் இன்னொரு நஷ்டம் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் தந்தவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர். எப்போதாவது பார்க்கிற, பேசுகிற அறிமுகங்கள்தான். யோசித்தால் புரிகிறது. நெருங்கிய நண்பர் அறிந்தது பெரும்பாலும் நாமும் அறிந்ததே. எங்கோ ஓரமாக இருப்பவர்தான் நமக்குத் தெரியாத கதவைத் தெரிந்துவைத்திருக்கிறார். நாம் அழைக்கக் கூசுவதும் அவரைத்தான்.

அதற்காக எல்லோரிடமும் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாக்கியம் போதும்: "எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். இப்போது தணிக்கைப் பணி தேடிக்கொண்டிருக்கிறேன்." கேட்பவர் அனுதாபப்படுவதா அறிவுரை சொல்வதா என்று தவிக்கவும் மாட்டார், அவருக்கு நினைவில் வைத்துக்கொள்ள ஒரு தகவலும் கிடைத்துவிடும். "சும்மாதான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்பவரைவிட அந்தச் சொல்லை அதிகம் நம்புவது சொல்கிறவர்தான்.

நேரம் என்னும் சங்கடம்

ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூர். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய காலத்தில் அங்கிருந்த நெசவாலை மூடப்பட, ஏறக்குறைய ஊர் முழுவதும் வேலையின்றிப் போனது. சமூக ஆய்வாளர்கள் மரி யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட் முதலியோர் அங்கே சென்று செய்த ஆய்வு 1933இல் வெளிவந்தது. தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அவர்கள் அளந்தார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது; வழியில் அடிக்கடி நின்றார்கள். வீட்டுவேலை காத்திருந்த பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. கையில் நேரம் கொட்டிக்கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பெருமளவு குறைந்துவிட்டது. ஓய்வு கிடைத்தால் படிக்கலாம் என்பது வேலையில் இருப்பவனின் கற்பனை.

வேலை சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் தருகிறது என்று யாஹோடா பின்னாளில் விளக்கினார். நாளுக்கு ஒரு சட்டகம், குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கைக்கு ஒழுங்கான வேலை. சம்பளம் நின்றதை எல்லோரும் கவனிக்கிறோம். மற்றவையும் அதே நாளில் நின்றுவிட்டதைக் கவனிக்காமல், 'ஏன் இப்படிச் சோர்ந்துகிடக்கிறேன், என்னிடம்தான் ஏதோ கோளாறு' என்று முடிவுகட்டுவது பெரிய தவறு.

இதற்கு மாற்றாகப் பத்து மணி நேரம் விண்ணப்பம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு என்பேன். ஆறாவது மணி நேரத்தில் எழுதும் விண்ணப்பத்தில் ஆள் இருக்க மாட்டார். காலையில் மூன்று மணி நேரம் தேடிவிட்டு மூடிவைக்கலாம். பிற்பகலில் முடிவு கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலை வேண்டும்: பழுது பார்ப்பது, ஒரு மென்பொருளில் ஒரு பாடம் கற்பது. வாரத்தில் இரண்டு நாளாவது, குறித்த நேரத்தில் உங்களுக்காக யாரேனும் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நான் ஒரு மாணவனுக்குக் கணக்கியல் சொல்லித்தந்தேன். அவன் தாமதமாக வந்த நாளில் எனக்குக் கோபம் வந்தது. அதைக் கண்டு எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

வீட்டுவேலை பற்றியும் ஒன்று. வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வது நியாயம். பிராயச்சித்தமாகச் செய்வது வேறு. சம்பாதிக்காத குற்றத்துக்கு அபராதம் கட்டுவதுபோல் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொண்டால், ஒரு மாதத்தில் "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற குரலும் வரும், தேடலுக்கு ஒதுக்கிய நேரமும் போகும். யார் எதைச் செய்வது என்று உட்கார்ந்து பேசிவிடுங்கள். செலவைக் குறைப்பதையும் அதே அமர்வில் பேசலாம். பழைய தோரணையைக் காப்பாற்றக் கடன் வாங்குவதுபோல் தன்மதிப்பை அரிப்பது வேறொன்றில்லை.

பதில் வராத விண்ணப்பங்களைத் தீர்ப்புகளாக எண்ணுவது அடுத்தது. உள்ளிருந்தே ஆளை நியமித்திருப்பார்கள், பணியிடத்தையே ரத்து செய்திருப்பார்கள், உங்கள் கோப்பைத் திறக்காமலே இருந்திருப்பார்கள். மௌனத்துக்கு நாம் எழுதிக்கொள்ளும் காரணம் பெரும்பாலும் நமக்கு எதிராகவே இருக்கும். நிராகரிப்புகளை எண்ணாமல், இந்த வாரம் எத்தனை பேரிடம் பேசினேன் என்று எண்ணுங்கள். அது ஒன்றுதான் கையில் உள்ளது.

நேர்காணலில் முன்னாள் நிறுவனத்தைத் திட்டுவது எல்லோரும் அறிந்த தவறு. ஆனால் கோபத்தை அடக்கினால் அது குரலில் வந்துவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், வேலையிழந்தவர்களில் ஒரு பகுதியினரை, அந்த இழப்பைப் பற்றிய உணர்ச்சிகளைச் சில நாட்கள் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவாக வேலை கிடைத்தது. காகிதத்தில் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். நான் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். படிக்கத் தகுந்ததாக அது இல்லை.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எழுந்திருக்கவே முடியவில்லை, இருந்தென்ன என்று தோன்றுகிறது என்றால் அதை மனவலிமைக் குறைவு என்று ஒதுக்காதீர்கள். அன்றைக்கே யாரிடமாவது சொல்லி, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு தவறு, வேலை கிடைத்த பிறகு நடப்பது. பிச்சை கிடைத்ததுபோல் நடந்துகொள்வது. சம்பளம் பேச மாட்டோம், எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டோம், எல்லோரும் கிளம்பிய பிறகே கிளம்புவோம். புதிய வேலையில் நான் ஏழு மாதங்கள் ஒருநாள்கூட விடுப்புக் கேட்கவில்லை. ஒருநாள் காய்ச்சலோடு மேசையில் உட்கார்ந்திருந்தபோது மேலாளர் வந்து நின்று, "உங்களை யார் இப்படி வரச் சொன்னது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.