குப்ரேட் தரவைப் பார்க்குமுன் துளைகளை எண்ணுங்கள்

செம்பு–ஆக்சிஜன் அடுக்குகள் கொண்ட குப்ரேட் மீகடத்தியின் ஒளியுமிழ்வுத் தரவோடு (ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் திசையையும் அளந்த தரவு) என்னிடம் வரும் மாணவர்கள் நேராக வண்ணப் படத்தைத் திறப்பார்கள். நான் மூடச் சொல்வேன். செம்பு அணு ஒன்றுக்கு எத்தனை துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத இடம், என்று தெரியாமல் அந்தப் படத்தில் எதுவும் புரியாது.

லாந்தனம் குப்ரேட்டில் இது சுலபம். சேர்த்த ஸ்ட்ரான்சியத்தின் அளவே துளைகளின் அளவு. பிஸ்மத் குப்ரேட்டில் ஆக்சிஜன் கூடும், குறையும். அங்கே மாறுநிலை வெப்பநிலையை (மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலையை) அளந்து, அந்தக் குடும்பத்தின் உச்சத்தால் வகுங்கள். வந்ததை ஒன்றிலிருந்து கழித்து, 82.6 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். அதை 0.16-லிருந்து கழித்தால் ஒரு விடை, கூட்டினால் இன்னொன்று. விகிதம் 0.8 என்றால் 0.11, 0.21. எது சரி என்று சூத்திரம் சொல்லாது. மாதிரியை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, துளை கூடும்போது பானையில் தண்ணீர் மட்டம் இறங்குவதுபோல ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றலின் மேல் எல்லை) இறங்குகிறது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். துளையே இல்லாத தாய்ப்பொருளில் எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் பட்டை பாதிதான் நிரம்பியிருக்கிறது. கணக்குப்படி அது உலோகம். ஆனால் ஒரே செம்பில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் விலக்கம் அதிகம் என்பதால் அது மின்கடத்தாப் பொருள். இடைவெளி ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட். சேர்க்கும் துளை பெரும்பாலும் ஆக்சிஜனில் போய் உட்காரும். ஆக்சிஜனின் எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: 530 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய முகடு தேய, அதற்குச் சுமார் ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட் கீழே புதிய முகடு வளரும். மட்டம் மட்டுமல்ல, பட்டையே மாறுகிறது.

சரி, இப்போது படத்தைத் திறக்கலாம். மாதிரியோடு மின்தொடர்பில் உள்ள தங்கத்தில் ஃபெர்மி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்டலத்தின் (எலக்ட்ரான் உந்தங்களைக் குறிக்கும் சதுரத்தின்) மூலைவிட்டத்தில் ஒரு வெட்டு, செம்பு–ஆக்சிஜன் பிணைப்புத் திசையில் மண்டல விளிம்பருகே ஒன்று. துளை குறைந்த மாதிரியில் மூலைவிட்டத்தில் முகடு ஃபெர்மி மட்டத்தைத் தொடும். விளிம்பருகே மாறுநிலைக்கு மேலும் இடைவெளி மூடாது. பட்டை ஃபெர்மி மட்டத்தைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் மிஞ்சுவது ஒரு வில். துளை மிகுந்த மாதிரியில் வில் மூடி முழு வளைவாகும். அதன் எலக்ட்ரான் இல்லாத பக்கத்தின் பரப்பளவை மண்டலத்தின் பரப்பளவால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். துளை மிகுந்த தாலியம் குப்ரேட்டில் துளைப் பரப்பு மண்டலத்தில் சுமார் 65 சதவீதம், துளைகள் 0.3. வில்லுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். இட்ரியம் குப்ரேட்டில் ஹால் விளைவு (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தம்) தரும் மின்சுமை ஏந்திகளின் எண்ணிக்கையே 0.16-க்கும் 0.19-க்கும் இடையில்தான் துளை அளவிலிருந்து ஒன்று கூட்டிய துளை அளவுக்குத் தாவுகிறது என்று 2016-இல் அளந்தார்கள்.

பரப்பளவும் மாறுநிலையும் தரும் எண்கள் ஒத்துவராவிட்டால் மேற்பரப்பைச் சந்தேகியுங்கள். வெற்றிடத்தில் இருக்க இருக்க அதன் துளை அளவு நகரும். முதல் வெட்டைக் கடைசியில் ஒருமுறை திரும்ப எடுங்கள். வளைவு இடம்பெயர்ந்திருந்தால், இடையில் எடுத்த தரவுகளுக்கெல்லாம் ஒரே எண்ணை எழுதாதீர்கள்.