ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஒரே நெட்வொர்க் கார்டுக்கு ரெண்டு மூணு ஐபி, ரீபூட் ஆனாலும் போகாம வைக்கிறது எப்படி

பழைய சர்வர தூக்கிட்டு அதோட ஐபியையும் புது சர்வரே பாத்துக்கணும், இல்ல ஒரே மெஷின்ல ரெண்டு சைட்டுக்கு தனித்தனி ஐபி வேணும்னா இன்னொரு நெட்வொர்க் கார்டெல்லாம் வேண்டாம், இருக்கற கார்டுக்கே கூடுதல் ஐபி, அதாவது ஏலியாஸ் போட்டா போதும். கீழ இருக்க கமாண்ட் எல்லாம் டைப் பண்றப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துதான்.

முதல்ல அந்த ஐபிய வேற யாரும் வச்சிருக்காங்களான்னு பாருங்க. பிங் வரலன்னு மட்டும் நம்பிடாதீங்க, ஃபயர்வால் தடுத்திருக்கலாம். பிங் அடிச்ச கையோட ஆர்ப் -ஏ போட்டு அந்த ஐபிக்கு நேரா மேக் அட்ரஸ் (கார்டோட ஹார்ட்வேர் நம்பர்) விழுந்திருக்கான்னு பாத்துடுங்க.

அப்புறம் கையால ஒருதடவ போட்டு பாருங்க (இஎம்0ங்கறது கார்டோட பேர்):

ஐஎஃப்கான்ஃபிக் இஎம்0 இனெட் 192.168.1.11 நெட்மாஸ்க் 255.255.255.255 ஏலியாஸ்

எடுக்கணும்னா அதே ஐபி போட்டு கடைசில -ஏலியாஸ். ஏலியாஸ்ங்கற வார்த்தைய விட்டுட்டீங்கன்னா இருக்கற ஐபியே மாறிடும், ரிமோட்ல உக்காந்திருந்தா கனெக்ஷன் காலி.

மாஸ்க் ஏன் நாலும் 255ன்னு கேப்பாங்க. கார்டோட முதல் ஐபியே 255.255.255.0ன்னு அந்த சப்நெட்டுக்கு (ஒரே குழுவா வர்ற ஐபிங்க, குழு எவ்ளோ பெருசுன்னு சொல்றதுதான் மாஸ்க்) ரூட், அதாவது போற வழி போட்டுடுச்சு, அதுக்குள்ளயே வர்ற அடுத்த ஐபிக்கெல்லாம் இதுதான் மாஸ்க். வேற சப்நெட்டுன்னா, உதாரணத்துக்கு 10.1.1.1, அதுல முதல் ஐபிக்கு மட்டும் அந்த சப்நெட்டோட நிஜ மாஸ்க் குடுத்துட்டு மிச்சத்துக்கு பழையபடி.

வேலை செய்யுதா, இப்ப /இடிசி/ஆர்சி.கான்ஃப் ஃபைல்ல:

ஐஎஃப்கான்ஃபிக்_இஎம்0_ஏலியாஸ்0="இனெட் 192.168.1.11 நெட்மாஸ்க் 255.255.255.255"
ஐஎஃப்கான்ஃபிக்_இஎம்0_ஏலியாஸ்1="இனெட் 192.168.1.12 நெட்மாஸ்க் 255.255.255.255"

இதுல நிறைய பேர் மாட்டுறது அந்த நம்பர்லதான். 0லேர்ந்து விடாம வரிசையா போகணும், பூட் ஆகறப்ப ஸ்கிரிப்ட் எண்ணிக்கிட்டே போய் எந்த நம்பர் இல்லையோ அங்கயே நின்னுடும், எர்ரர் கூட காட்டாது. யாராவது நடுவுல 1 வேண்டாம்னு அழிச்சிட்டு போயிருப்பாங்க, அன்னிக்கு எல்லாம் ஓடும், எப்பவோ ஒருநாள் கரண்ட் போய் மெஷின் திரும்ப வர்றப்ப 2, 3 ரெண்டும் வராது, எதனாலன்னு யாருக்கும் தெரியாது. அழிச்சா மிச்சத்த மேல தள்ளி நம்பர் மாத்துங்க. அதே நம்பர ரெண்டு வரில போட்டாலும் கடைசி வரிதான் செல்லும்.

அந்த ஃபைல் ஷெல் ஸ்கிரிப்ட்தான், ஒரு கோட்ஸ் மூடாம விட்டா பூட்டே மக்கர் பண்ணும், சேவ் பண்ணதும் எஸ்ஹெச் -என் /இடிசி/ஆர்சி.கான்ஃப் அடிச்சு பாருங்க, ஒண்ணும் சொல்லலன்னா எழுத்துல தப்பில்ல.

சர்வீஸ் நெட்இஃப் ரீஸ்டார்ட் மட்டும் ரிமோட்லேர்ந்து அடிக்காதீங்க, வெளிய போற வழியான டிஃபால்ட் ரூட் போயிடும், அடிச்சே ஆகணும்னா சர்வீஸ் ரூட்டிங் ரீஸ்டார்ட்டையும் ஒரே வரில சேர்த்து அடிங்க. முடிஞ்சா ஒருதடவ ரீபூட் பண்ணியே பாத்துடறது நல்லது.

இதே மாதிரி இன்னொரு சிஸ்டமான ஓபன்பிஎஸ்டில இந்த நம்பர் தலைவலியே கிடையாது, /இடிசி/ஹோஸ்ட்நேம்.இஎம்0 ஃபைல்ல ஐபிக்கு ஒரு வரி, இனெட் ஏலியாஸ் 192.168.1.11 255.255.255.255ன்னு எழுதினா முடிஞ்சுது.