சிம் லிம் ஸ்குவேரில் கேமிங் பிசி: கொட்டேஷனில் பாதிப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் குறைந்த செலவில் கேமிங் பிசி அசெம்பிள் செய்ய எல்லாரும் கைகாட்டும் இடம் ரோச்சோர் கெனால் ரோட்டில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர். ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கம்தான். லிட்டில் இந்தியாவிலிருந்தும் நடந்தே போய்விடலாம். ஜாலான் புசார் பக்கம் நிற்கும் சிம் லிம் டவருக்குள் தவறி நுழைந்துவிடாதீர்கள். அங்கே கிடைப்பது ரெசிஸ்டர், வயர், சால்டரிங் சாமான். ஸ்குவேரின் கீழ்த்தளங்களில் நேரத்தைக் கழிக்காமல் நேரே ஐந்தாம், ஆறாம் மாடிக்குப் போங்கள். பிசி கடைகள் பெரும்பாலும் அங்கேதான்.

2014இல் வாடிக்கையாளர்களை மிரட்டிக் கூடுதல் பணம் கறந்த கைபேசிக் கடை விவகாரம் ஒன்றால் இந்தக் கட்டடத்தின் பெயர் கெட்டது. பிசி வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது அந்த மாதிரி மிரட்டலை அல்ல, கொட்டேஷனை. "ரைசன் 5, ஆர்டிஎக்ஸ் 3050, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 600 வாட்" என்று ஒரு சீட்டு நீட்டுவார்கள். விலையும் மலிவாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு பொருள்கூட இன்னதென்று முடிவாகவில்லை.

ரைசன் 5 என்ற பிராசசர் வரிசையில் எது? 5600 என்றால் 32 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), பிசிஐஇ (பிராசசரையும் கார்டையும் இணைக்கும் தடம்) 4.0. 5500 என்றால் 16 எம்பி, பிசிஐஇ 3.0. கோர் (கணக்குப் போடும் அலகு) இரண்டிலும் ஆறுதான். வாயால் சொல்லும்போது ஒன்றுபோலவே இருக்கும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 மாதிரி பிசிஐஇ தடத்தில் எட்டு லேன் (வழி) மட்டுமே உள்ள கிராஃபிக்ஸ் கார்டை 5500உடன் போட்டால், கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பும் கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) விழும், திக்கித் திக்கி ஓடும். ஆர்டிஎக்ஸ் 3050இலும் இரண்டு வகை: 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட் மெமரி, 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட். குறைவது 2 ஜிபி மட்டும் இல்லை, சிப்பே மெதுவானது. 3060இலும் இதே கதை: 12 ஜிபி வாங்குங்கள், 8 ஜிபி வேண்டாம்.

ரேமில் "16 ஜிபி" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரே குச்சியாகப் போட்டுவிடுவார்கள். இரண்டு 8 ஜிபி குச்சி கேளுங்கள். ஒரே குச்சி என்றால் தரவு வர ஒரே வழி (ஒற்றைச் சேனல்), பிராசசர் தீனிக்குக் காத்துக்கிடக்கும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறியிருப்பதால், இதில்தான் இப்போது கை வைக்கப் பார்ப்பார்கள். எஸ்எஸ்டிக்கு பிராண்டும் மாடலும் வேண்டும்.

பவர் சப்ளைதான் அதிகம் ஏமாறும் இடம். பெட்டியில் 600 வாட் என்று இருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 30 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டால் பெருக்க 360 வாட். பிராசசரும் கார்டும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். நல்ல 550 வாட் சப்ளையில் 45 ஆம்பியர் பக்கம் இருக்கும். இங்கே 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம் பிடித்தால் பின்னால் மற்ற பாகங்களையும் சேர்த்து இழக்க நேரலாம்.

பட்ஜெட் 1,200 வெள்ளி என்றால் (மானிட்டர் தனி) கார்டுக்கு 400 முதல் 450 வரை ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரியுங்கள். ஒளிவிடும் ஃபேன், கண்ணாடி கேபினெட் எல்லாம் கடைசியில். பிராசசருடன் வரும் கூலரே 5600க்குப் போதும்.

கடைகளில் அச்சடித்த விலைப்பட்டியல் கிடைக்கும். குறைந்தது மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் முழு மாடல் பெயர், தனித்தனி விலை, வாரண்டி ஆண்டு எழுதி வாங்குங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்த விலையா, கிரெடிட் கார்டுக்குக் கூடுதலா, அசெம்பிள் கூலி எவ்வளவு என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பேநவ் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பும் முறை) அல்லது ரொக்கம் என்றால் சில கடைகள் குறைத்துத் தருவார்கள். "அந்த மாடல் ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்" என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். முன்பணம் போதும், ரசீதில் பட்டியல் இருக்கட்டும்.

பிசி தயாரானதும் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். யூஎஸ்பியில் ஜிபியு-இசட், சிபியு-இசட், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மூன்று மென்பொருளையும் கொண்டுபோங்கள். முதலாவது கார்டின் கோர் எண்ணிக்கையையும் மெமரி பிட்டையும் காட்டும். இரண்டாவதில் ரேம் இரட்டைச் சேனலில் ஓடுகிறதா என்று பாருங்கள். 3200 ரேம் அதில் பாதியாக 1600 என்றே தெரியும், பதறாதீர்கள். 1066 அல்லது 1333 காட்டினால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி போடவில்லை, போடச் சொல்லுங்கள். மூன்றாவது, எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும். புதியதில் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது புதியதில்லை. எல்லாப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி, சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள். உள்ளூர் விநியோகஸ்தர் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின் கேம் மந்தமாக ஓடினால் முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். மதர்போர்டில் சொருகியிருந்தால் கார்டு சும்மா இருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் விண்டோஸ் செட்டிங்கில் மாற்றும்வரை 60இலேயே ஓடக்கூடும்.

ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகவே சிங்கப்பூர்ச் சட்டம் கருதும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். மறுத்தால் பயனீட்டாளர் சங்கம். அதற்கும் அசையாவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முழு மாடல் பெயர் எழுதிய ரசீது அப்போதுதான் கைகொடுக்கும்.

சுற்றுலாவாக வந்தவர்கள், பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கினால் சாங்கி விமான நிலையத்தில் பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறலாம். பாஸ்போர்ட்டைக் கடையிலேயே காட்ட வேண்டும். இங்கே வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தியாவுக்கு எடுத்துப்போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: சுங்கத்தில் தனி விலக்கு லேப்டாப்புக்குத்தான், டெஸ்க்டாப் வரியில்லாமல் கொண்டுவரும் பொருள்களுக்கான பொதுவான வரம்புக்குள் வர வேண்டும். கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே கைப்பையில் வையுங்கள். கேபினெட்டில் மாட்டியபடி லக்கேஜில் போட்டால், பை விழும் வேகத்தில் கார்டின் எடை மதர்போர்டு ஸ்லாட்டைப் பெயர்த்துவிடும்.